பொம்மை ரத்தத்துக்குக் கார்டு செல்லாது

— எடுத்துப்போட்டீங்களா! எதுத்த கடை மெஷினை நெசமாலுமே எடுத்துப்போட்டீங்களா தம்பி?

— ஆமாங்க மேடம். கடை தொறந்ததுமே போயி எடுத்தாச்சு. இந்தப் பைக்குள்ள இருக்குது பாருங்க.

— அட, ஆமா! கார்டை வெச்சு டர்ரக்குன்னு தேய்ப்பமே, அதேதான். உக்காருங்க தம்பி, பேனுக்குக் கீழ உக்காருங்க. உங்க பேரு என்ன சொன்னீங்க?

— சாய்சரணுங்க. கார்டு கம்பெனில ஏரியா ஆபீசர்.

— நல்ல பேரு. நான் நாச்சியம்மாளுங்க. கடை நாந்தான் பாத்துக்கறேன். காப்பி சொல்லட்டுங்களா, எளநி சொல்லட்டுங்களா? அது கெடக்குது, எதுக்காக எடுத்தீங்க? எனக்கொண்ணும் தெரியாது, சும்மா கேக்கறேன்.

— வயலன்ஸுங்க மேடம். ஆளைச் சுடறது, வெட்டறது, காரை உட்டு ஏத்தறது, இந்த மாதிரி கேம் சிடி விக்கற கடைல எங்க கார்டு ஓடக்கூடாதுன்னு மெட்ராஸ் ஆபீசுல முடிவு பண்ணிட்டாங்க.

— நெம்ப சரி! சின்னப் புள்ளைங்க வந்து போற ரோடு. அந்தாளு ரத்தம் சொட்டற படத்தை வாசல்லயே தொங்க உட்டு வெச்சிருக்கறான். எனக்கு ஒடம்பே கூசும் தம்பி. உங்க கம்பெனி நல்லா இருக்கோணும். காப்பியே சொல்லிப்போடறேன்.

— தேங்க்ஸுங்க. காப்பி குடிச்சுட்டு உங்க மெஷினையும் வாங்கிட்டேன்னா நான் கெளம்பிருவேனுங்க.

— எங்க மெஷினையா?

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.

— எங்க மெஷினு உங்களை என்ன பண்ணுச்சு?

— இந்த ரோட்டுல கேம் சிடி விக்கற கடை எத்தனை இருக்குதோ அத்தனைலயும் எடுக்கச் சொல்லிட்டாங்க.

— அந்த ஒரு கடைய மட்டும்னுதானே…

— என்னங்க?

— ஒண்ணுமில்லீங்க. சக்கரை எச்சாப் போடலாமான்னு கேட்டேன். தம்பி, நான் அந்த மாதிரி ஆளா? பாருங்க, டிவி கேம் கேசட்டு, செஸ்ஸு, இங்கிலீசு எழுத்துப் படிக்கற சிடி. பூராவும் புள்ளைங்க சமாச்சாரம்.

— உங்க தலைக்கு மேல பரண் முச்சூடும் அடுக்கியிருக்கறது 'பிளட் பஜார்'தானுங்க?

— அது ஏதோ யாவாரம் பண்ற ஆட்டமுன்னு சொல்லிக் குடுத்தாங்க.

— அட்டைல ஒருத்தன் தலையில்லாம நிக்கறானுங்க.

— அச்சடிக்கறப்ப உட்டுப்போயிருக்கும்.

— மேடம்…

— சரி, உள்ளதைச் சொல்லிப்போடறேன். வளையலை அடகு வெச்சு எடுத்த சரக்குங்க தம்பி. போன மாசந்தான் எடுத்தேன். முந்தி இங்க வீடியோ கேசட் வாடகைக்கு உட்டுட்டு இருந்தோம். கேபிள் வந்துச்சு, அது படுத்துருச்சு. அப்பறமேலுக்கு இந்தப் பொழப்பு. தீவாளிக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருக்குது. ரேஸ்கோர்ஸ் பங்களாக்காரங்க, மில்லுக்காரங்க, ஒருத்தரும் ரொக்கம் கொண்டுட்டு வரமாட்டாங்க. கார்டைத்தான் நீட்டுவாங்க. மெஷினு போச்சுன்னா இந்தச் சரக்கும் போச்சு, வளையலும் போச்சுங்க.

— போன மாசமா எடுத்தீங்க? எங்களுக்குப் புகார் வந்ததும் போன மாசந்தாங்க.

— அப்படீங்களா. காலக்கெரகத்தைப் பாருங்க.

— சரக்கை விக்க வேண்டாம்னு கம்பெனி சொல்லலீங்க மேடம். எங்க கார்டுல விக்க வேண்டாம்னுதான் சொல்லுது.

— தண்ணி குடிக்க வேண்டாம்னு சொல்லல, பானையத்தான் தூக்கிட்டுப் போறமுங்கறீங்க.

— நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா பாலிசின்னு ஒண்ணு இருக்குதுங்களே.

— சித்த இருங்க. கெவருமெண்டு இதை விக்கக்கூடாதுன்னு சொல்லிருக்குதுங்களா?

— இல்லீங்க.

— போலீசு?

— இல்லீங்க.

— அப்பறம் நீங்க யாருங்க தம்பி? வாங்கறவங்க கையில காசை வாங்கி என் கையில குடுக்கறவங்க. நடுவுல நிக்கறவங்களுக்கு எதுக்குங்க பொருளைப் பத்தின கவலை?

— நடுவுல நிக்கறது நாங்கதானுங்க மேடம். நாங்க நவுந்துட்டா காசு வராதுங்களே. தப்பா எடுத்துக்காதீங்க.

— எடுக்கலீங்க. தலையைச் சீவறப்பக்கூட இத்தனை மரியாதையாச் சீவறீங்க, எப்படித் தப்பா எடுக்கறது?

— நாச்சி! ஏம்மா நாச்சி! வந்துருச்சா? பிளட் பஜார் ரெண்டாம் பாகம் வந்துருச்சா?

— வாங்க ராமாமணியம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. தம்பி, இவங்க பீளமேட்டுல மில்லு வெச்சிருக்கறவங்க ஊட்டம்மா. நீங்களே இவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க.

— வணக்கமுங்க மேடம். பேரனுக்குங்களா?

— பேரனுக்கெதுக்கு கண்ணு? அவன் ஊட்டிக் கான்வென்டுல படிக்கறான். எனக்கு!

— உங்களுக்குங்களா?

— ஏன், நான் ஆடக்கூடாதா? மில்லுக் கணக்குப் பாக்கறேன்னு எங்க ஊட்டுக்காரரு கம்ப்யூட்டர் வாங்கி வெச்சாரு. உறை போட்டு மூடி அதுக்குத் தெனம் பூவு வெச்சதுதான் மிச்சம். அவரு மத்தியானம் தூங்கறப்ப நான் உறையை எடுத்தேன். மொதல்ல 'ரோடு ரவுடி' ஆடுனேன், அப்பறம் இது. என் நாத்தனாரு மாதிரியே ஒரு சூனியக்காரி வாரா கண்ணு, நாலாவது ஸ்டேஜுல. அவளை முடிச்சன்னைக்குத்தான் எனக்கு பிரசர் எறங்குச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. ரெண்டாயிரமாம் வருசம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுபோயிருமாமே, அதுக்குள்ள ரெண்டாம் பாகத்தை முடிச்சுப்போடோணும். இந்தா நாச்சி கார்டு, தேயி.

— தேய்க்கறதுக்கு இந்தத் தம்பி உடமாட்டேங்கறாரும்மா. பொம்மை ரத்தத்துக்குக் கார்டு செல்லாதாம்.

— தேவுடா! போன வாரம் இதே கார்டுல தோட்டத்துக்கு ஏர்கன் வாங்குனமே கண்ணு. அப்ப ஒருத்தரும் வந்து தடுக்கலியே?

— அது ஸ்போர்ட்ஸ் சாமான்ல வருதுங்க மேடம்.

— நேத்து ஓட்டல்ல ஒரு ஆட்டோட மூளை, ஈரல், நெஞ்செலும்பு, காலு, ஒண்ணு உடாமத் தின்னுட்டு இதே கார்டைத்தான் தேச்சோம்.

— அது சாப்பாட்டுல வருதுங்க.

— நெசத் துப்பாக்கிக்குச் செல்லுது, நெச ஆட்டுக்குச் செல்லுது, செத்தவன் எந்திரிச்சு மறுபடி ஆட்டத்துக்கு வர்ற பொம்மைக்கு மட்டும் செல்லாது. ஏங்கண்ணு, இந்த ரூலைப் போட்டவரு ஆடித்தான் பாத்தாரா?

— மெட்ராஸ்ல ஆரும் பாக்கலீங்க. நான் மட்டும்… ஒரு ஆபீசர்னா தெரிஞ்சிருக்கோணுமில்லீங்களா, அதுக்காக வாங்கிப் பாத்தேனுங்க.

— எதுவரைக்கும் போன?

— மூணாவது ஸ்டேஜுங்க. தாண்ட முடியலீங்க.

— செவப்புக் கதவை மொதல்ல தொறந்திருப்ப. அதைத் தொறக்கக்கூடாது. கெணத்துல எறங்கோணும்.

— கெணத்துலயா? அட, ஆமால்லீங்க! ஒரு வாரமா அந்தக் கதவுகிட்டயே செத்துட்டு இருக்கறேனுங்க.

— சந்தோசம் தம்பி. கெணத்தைக் கண்டுபுடிச்சாச்சு, இப்ப மெஷினை உட்டுட்டுப் போவீங்களா?

— அது முடியாதுங்க நாச்சியம்மா. மேடம் வேணும்னா ரொக்கமாக் குடுத்து வாங்கிக்கலாமுங்களே, அதுக்கு ரூல் ஒண்ணுமில்லீங்க.

— ரொக்கமா! மில்லுக்காரர் பொண்டாட்டிங்கறது பேருக்குத்தான் கண்ணு. அவரு சட்டைப் பையிலிருந்து அம்பது ரூவா வெளிய வரோணும்னா எதுக்கு, எங்க, ஆரு கூடன்னு சொல்லோணும். எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு. இந்தக் கார்டு ஒண்ணுதான் என்னைக் கேள்வி கேக்காம இருந்துச்சு. இப்ப அதுக்கும் வாயி மொளச்சிருச்சா?

— மன்னிச்சுக்குங்க மேடம். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க.

— நீ என்ன பண்ணுவ, பாவம். ஆருதான் இந்தப் புகாரைக் குடுத்தது? அதைச் சொல்லு.

— ஒரு அம்மணிங்க. இந்த ரோட்டு எஸ்.டி.டி. பூத்துலருந்து மெட்ராஸுக்குப் போன் போட்டிருக்கறாங்க. இங்க ஒரு கடைல ரத்தக்களறியா விக்கறாங்க, மொதல்ல அவங்க மெஷினைப் புடுங்குங்கன்னு. எந்தக் கடைன்னு கேட்டதுக்கு, அந்தப் பேரை என் வாயால சொல்லக்கூடாதுங்கன்னுட்டாங்களாம். எத்தனை தடவை கேட்டும் அதே பதிலுதானாம்.

— அத்தனை அசிங்கமான பேரா?

— மெட்ராஸ்லயும் அப்படித்தானுங்க மேடம் நெனச்சாங்க. ஒரு பொம்பளை வாயில சொல்ல முடியாத பேரை போர்டுல எழுதி வெச்சிருக்கறாங்கன்னா அது எப்பேர்ப்பட்ட கடையா இருக்கும்னு பெரிய ஆபீசருக்கே வேர்த்துப்போச்சாம். எந்தக் கடைன்னு தேடிட்டு இருக்க வேண்டாம், ரோடு முச்சூடும் எடுத்துருங்கன்னுட்டாரு.

— அடக் கடவுளே. பாவம் அந்த அம்மணி, எஸ்.டி.டி. மீட்டரு ஓடற பதட்டத்துல சொல்லியிருப்பாங்க.

— என்ன நாச்சி பாவம்? அடுத்தவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ. அவ கை வெளங்குமா?

— அப்படியெல்லாம் வாயை உடாதீங்கம்மா! நாளும் கெழமையுமா! அவங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்குமில்ல. ஒரு கடை போனா நம்ம கடைல நாலு பேரு வருவாங்கன்னு நெனச்சிருப்பாங்க.

— அவளுக்குக் கடை இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— இருக்கும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேனும்மா. ஏனுங்க தம்பி, இதுக்கு ஒரு வழியுமே இல்லீங்களா?

— ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. அந்த அம்மணி மறுக்காப் போன் போட்டு அந்தக் கடை பேரை மட்டும் சொல்லிட்டாப் போதும். அந்த ஒரு மெஷினைத் தவிர பாக்கி எல்லாத்தையும் நாளைக்கே நான் திருப்பிக் கொண்டாந்து வெச்சுருவேன். உங்க தீவாளி யாவாரம் ஓடும், மேடமும் ரெண்டாம் பாகம் வாங்கிக்கலாம்.

— பேரு மட்டுமா?

— பேரு மட்டுந்தானுங்க.

— அடையாளம் சொன்னா ஆகாதுங்களா? பச்சைக் கதவு, பக்கத்துல பேக்கிரி, வாசல்ல ரத்தப் படம்…

— ஆகாதுங்க. மெட்ராஸ்காரங்களுக்கு பச்சைக் கதவு என்ன தெரியும்? பேரு வேணும்.

— அவங்களுக்குப் பதுலா வேற ஆளு சொன்னா?

— புகார் குடுத்தவங்க வாயாலயே சொல்லோணுங்களாம்.

— கெரகம் புடிச்ச வாயி.

— என்னங்க?

— காப்பி ஆறிப்போச்சுன்னேன்.

— ஒரு பேரைச் சொல்றதுக்கு என்னதான் கேடோ அவளுக்கு! எனக்கு மட்டும் அந்தப் பேரு தெரிஞ்சா பூத்துக்குப் போயி ஊரே கேக்கற மாதிரிக் கத்துவேன்.

— நீங்க கத்துவீங்கம்மா. அவங்கவங்க நெலைமை அவங்கவங்களுக்கு.

— சரிங்க நாச்சியம்மா, எனக்கும் நேரமாச்சு. மெஷினை வாங்கிட்டேன்னு ஒரு சீட்டு எழுதித் தந்துட்டுப் போறேன். கடை உங்க ஊட்டுக்காரர் பேர்லதானுங்களே? பேரைச் சொல்லுங்க.

— அவரு கோபி பக்கம் ஒரு கண்ணாலத்துக்குப் போயிருக்கறாரு. வந்து அவரே எழுதிக்குவாரு. சீட்டை வெச்சுட்டுப் போங்க.

— பேரு மட்டுந்தானுங்க.

— இன்னொரு காப்பி குடிங்க தம்பி.

— வேண்டாமுங்க. பேரு?

— முறுக்குத் தின்னுங்க. எங்க ஊட்டு முறுக்கு.

— மேடம், ஒரே ஒரு பேரு. அதைச் சொல்றதுக்கு எதுக்குங்க உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— அட, அவளை எதுக்கு கண்ணு பாடு படுத்தற! கண்ணாலமாயி இருவது வருசமாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஊட்டுக்காரரு பேரு அவ வாயில வந்ததில்லை. எட்டிப் பாரு, எதுத்த கடை போர்டுல 'சென்னியப்பன்'னு பெருசா எழுதியிருக்குதா? இவ ஊட்டுக்காரருக்கும் அதே பேருதான், பாத்து எழுதிக்க.