எதை முதலில் ஆராய்வது?

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய மதினியும். ஜன்னலோரம் அந்தப் பெண்ணின் மகள், ஏழு வயதிருக்கும், காற்றுக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி பேசியதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“புள்ளைக மூச்சிளைப்புல எதை முதல்ல ஆராய்ச்சி பண்ணணும்னு ஆஸ்பத்திரியில என்னையவே கேக்குறாக மதினி.”

“டாக்டருகளா? உன்னையவா?”

“பெத்தவுக எல்லாத்தையும் உக்கார வச்சு, டீ குடுத்துக் கேட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“வீட்டுல அம்புட்டு இளைக்கிற புள்ளைக்கு, பஸ் ஏறுனா செத்த நேரத்துல நின்னுபோகுது. டாக்டர் குழாய வச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொன்ன மாதிரி ஆகுது. அத முதல்ல கண்டுபிடிங்கன்னேன்.”

“சரியாத்தான் கேட்டிருக்க.”

“எழுதிக்கிட்டாக. அப்புறம், வீட்டுல புகை உண்டான்னாக. ஒரு புகையும் கிடையாதுன்னுட்டேன்.”

மதினி கொஞ்சம் யோசித்தாள்.

“விறகடுப்பு எரிக்கிறியே?”

“அது சமையலு.”

“தலைக்கு ஊத்துனா சாம்பிராணி போடுறியே?”

“ஈரத்தலையோட விட்டா சளி புடிக்காதா?”

“கொசுவத்தி?”

“புள்ளையக் கொசுவுக்கா குடுக்கச் சொல்றீக?”

“உன் வீட்டுக்காரரு பீடி?”

“அது அவரு பழக்கம். புகைன்னா, பக்கத்து வீட்டுக்காரி குப்பைய எரிக்கிறாளே, அது!”

எரியோடு வந்தது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மகள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

“நீ போம்மா. நான் இந்த பஸ்ஸுலயே இருந்துக்கிறேன்.”