சிறுபோகத் தண்ணீர்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். போன வாரம், நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், ரானுயி போகும் ரயிலில், முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். வேலை உடுப்போடு இருந்த கணவர் திடீரென்று சொன்னார்:

“நாளையிலயிருந்து நான் கமக்காரன் இல்லையப்பா.”

“வயலை விட்டு இருபது வருசமா ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில பெட்டி அடுக்கிறியள். இப்பதான் தெரியுதோ?”

“பகிடி விடாதை. கிளிநொச்சியில இந்தச் சிறுபோகத்துக்கு, கோடை விதைப்புக்கு, குளத்துத் தண்ணி குறைவாம். நாளைக்குக் கமக்காரர் கூட்டத்தில பட்டியலில உள்ள ஆளுக்கு ஒரு ஏக்கருக்குத்தான் தருவினம். எங்கட வயலைச் செய்யிற செல்வன், அந்தப் பட்டியலில என்ர பேருக்குப் பதிலாத் தன்ர பேரைப் பதியட்டோ எண்டு கேக்கிறான்.”

“விதைக்கிறவனுக்குத்தானே தண்ணி வேணும்?”

“ஓம். ஆனா அதில என்னைப் பெத்த ஐயாவுக்குப் பிறகு என்ர பேர். எடுத்தா இனி ஏறாது.”

அவள் அவருடைய போனை எடுத்து நீட்டினாள். இரண்டு ஸ்டேஷன் போன பிறகுதான் அவர் அதில் பேசினார்.

“செல்வன், உன்ர பேரையே பதி. வாய்க்கால் திறக்கிற அண்டைக்கு வீடியோ எடுத்து அனுப்பு. பாட்டுக் கீட்டுப் போடாதை. தண்ணி வாற சத்தம் எனக்குக் கேக்கவேணும்.”

இதை எழுதியது பங்குனி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை.