ஒளித்து வைத்த மருத்துவ முடிவு

இந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் லோகநாயகி அவர்களே! என் வயிற்றைத் திறந்து வாழ்வைத் தைத்துத் தந்த மருத்துவர் ஜெயப்பிரியா அவர்களே! திருப்போரூர்ப் பெரியோர்களே! குப்பங்களிலிருந்து மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

உட்கார்ந்தபடியே பேசுகிறேன், பொறுத்தருளுங்கள். மீனவர் சங்க மேடைகளில் மணிக்கணக்கில் நின்று முழங்கிய அதே தேவேந்திரன்தான். இன்று பத்து நிமிடம் நின்றால் பாதம் எரிகிறது.

என்ன கேட்கிறீர்கள் தம்பி? "சரக்கா அண்ணாத்த?" என்றா? இல்லை ஐயா, ஒரு சொட்டும் தொட்டதில்லை. மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று எனக்கே தெரியாமல் பல ஆண்டு ஈரலில் குடியிருந்தது. குடியிருந்த இடத்திலே புற்றை வளர்த்தது. மாற்று ஈரல் வேண்டும் என்றார்கள். யார் கொடுத்தார்? உடன்பிறந்தவரா? உற்றவரா? என் மனைவி சின்னப்பொண்ணு கொடுத்தாள். தன் ஈரலில் பெரும்பகுதியை அறுத்துக் கொடுத்தாள்!

எடுத்த என் பழைய ஈரலின் கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கட்டியின் மரபணுவில் சில அடையாளங்கள் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாம். எனக்கு இருந்தன. அம்மா ஜெயப்பிரியா சொன்னார்: "கட்டாயம் வரும்னு அர்த்தமில்லை. ஆனா மூணு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆகணும்."

வீட்டுக்கு வந்தேன். தழும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வேன்? நீ கொடுத்தது வீணாகலாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாகீதுன்னாங்க."

ஆய்வக முடிவு எழுதிய காகிதத்தைச் சங்கக் கோப்புக்குள் செருகினேன். ஸ்கேனுக்கும் போகவில்லை, போனால் அவளும் கூட வருவாளே! மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதமும் போயிற்று. ஒருநாள் கோப்பைத் தூசி தட்டியவள் கையில் அது விழுந்தது. மகள் சங்கவி படித்துச் சொன்னாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"யோவ், நோவு திரும்பி வராதுன்னு எழுதி வாங்கிக்கினா குடுத்தேன்? இந்த ஆறு மாசம் நீ என் எதிர்ல குந்திகினு சோறு துன்னியே, அது வீணா? பயத்த மட்டும் எதுக்குய்யா தனியா வச்சிகினு கீற? எழுந்திரு, ஸ்கேனுக்குப் போலாம்."

போனோம். நுரையீரலில் ஒரு புள்ளி; அதே புற்றுதான். மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் அறுக்காமல் தப்பியிருப்பேனா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு திரிகிறேன், ஐயா. புள்ளியை அறுத்தார்கள்; மாத்திரை தந்தார்கள்; பாத எரிச்சல் அதன் வேலை. கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை. அடுத்தது செவ்வாய்க்கிழமை.

வென்றுவிட்டேன் என்று முழங்க வரவில்லை. களைத்துவிட்டேன். களைத்த வாயால் கேட்கிறேன்: முடிவை ஒளிக்காதீர்கள்! பரிசோதனையைத் தள்ளாதீர்கள்! உங்களுக்காக உடம்பையே அறுத்துக் கொடுத்தவரை, உங்கள் பயத்தைத் தாங்கமாட்டார் என்று எண்ணி அவமதிக்காதீர்கள்! எண்ணினேன் நான். அவமதித்தேன் நான்.

தலைவர் மணி அடிக்குமுன், மூன்றாம் வரிசையிலிருந்து அவள் கையைக் காட்டிவிட்டாள்: "போதும்யா, மாத்திரை துன்ற நேரமாச்சு." பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.