ஹாரன் அடிக்காதவன்

எனக்கு ஹாரன் அடிக்கும் பழக்கம் இல்லை, சார். காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தினமும் கார் ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சர்வீஸில் மெக்கானிக் அழுத்திப் பார்க்கும்போதுதான் என் காரின் ஹாரன் சத்தத்தையே நான் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி வேறு. எங்கள் தெருப் பள்ளத்தில் நட்டிருந்த முருங்கைக் கொம்பை எடுத்தது யார் என்பது. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்களே, இஸ்திரி வண்டிக் கன்னியம்மாள், அவர் எடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியில் போட்டு எரித்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். முருங்கைக் கட்டை எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும், கனல் நிற்காது. இதைக்கூட யோசிக்காமல் ஒருவர்மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். வேறு காரணம் எதையும் தேட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் நசரத்பேட்டையில் ஒரு டீக்கடை முன்னால் கூடுவோம். ‘வெஸ்ட் வீல்ஸ்’ என்று பெயர். காரைப் பற்றிப் பேசுவதற்காகக் காரில் வந்து, காரின்மேல் சாய்ந்துகொண்டு டீ குடிப்பது எங்கள் குறிக்கோள். பெங்களூர் ஹைவேயில் தான் தொட்ட வேகத்தை உதயகுமார் வாராவாரம் சொல்வார். வாராவாரம் அது கொஞ்சம் கூடும். மற்ற நாட்களில் அவர் ஆயுள் காப்பீடு விற்கிறார்.

அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருப்பவன் நான் ஒருவன்தான். ஒரு காலைக்கு ஒரு வாக்கியம் எனக்குப் போதும். போன மாதம் நான் சொன்ன வாக்கியம் இது: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டினால் எந்தச் சாலையும் யாரையும் கொல்லாது.

மேக்ஸ்வெல் டீ கிளாஸை என் பானெட்டின்மேல் வைத்தான். எங்கள் தெருக்காரன். பள்ளியிலிருந்து பழக்கம். அவன் மனைவி ஜாஸ்லின் ஸ்கூல் டீச்சர்.

“தோடா, ஆர்டிஓ வந்துட்டாரு. ஏன் மச்சான், பள்ளத்துல தண்ணி ரொம்பிக்கினு நின்னா, அடியில இன்னா கீதுன்னு உன் கண்ணு பாத்துருமா? அந்த இஸ்திரிக்காரம்மா கொம்பு நட்டு வெச்சுதோ, பொழச்சோம். ஜாஸ்லின் டெய்லி அந்த வழியாத்தான் ஸ்கூட்டில ஸ்கூலுக்குப் போறா. எம்மாம் பொறுமையா ஓட்டுவா தெரியுமா? அந்தக் கொம்பு இல்லாங்காட்டி அவளே வுழுந்துடுவா.”

“ஆர்டிஓ சார், லைசென்ஸ் குடுங்க சார்” என்றார் உதயகுமார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் எனக்கு அதுதான் பெயர். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெயர் எத்தனை முறை வந்தது என்று தேடிப் பார்த்ததோடு சரி.

பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டினார்கள். ஓரிடத்தில் மட்டும் மேலே பலகைக்கல் போடாமல், கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கவிட்டுப் போனார்கள். கன்னியம்மாள் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு, பழைய சிவப்புத் துணியைக் கட்டினார். வேலை மறுபடி தொடங்கவே இல்லை, அதற்குள் கொம்பு துளிர்த்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் தெரு முழுக்கச் சாம்பார் வைத்திருக்கலாம்.

அந்தக் கொம்பு என்னை உறுத்தியது. ஓட்டுகிறவர்களைக் குழந்தைகளாக்கும் பொருள் அது. ஒரு மாலை அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். கன்னியம்மாள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

“இன்னா சார், கொம்பைப் புடுங்குறே? யாராச்சும் வுழுந்து சாவட்டும்னா?”

பார்த்து ஓட்டினால் யாரும் விழமாட்டார்கள் என்று விளக்கினேன்.

“நீ காருக்குள்ள குந்திகினு பேசுவே. குடு இங்க.”

வாங்கி மறுபடி நட்டார். நான் வாதாடவில்லை.

அடுத்த வாரம் விடாமல் மழை பெய்தது. மழையில் இஸ்திரி வண்டி வராது. தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நின்றது. பார்க்க ஆளில்லாத நாளாகப் பார்த்துக் கொம்பை எடுத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அன்று எனக்கு விடுமுறை, அவ்வளவுதான். காலையிலேயே எடுத்து டிக்கியில் வைத்துவிட்டு, பள்ளத்துக்குச் சற்று முன்னால் இடது ஓரத்தில் காரை நிறுத்தி, முன்னும் பின்னும் படமெடுக்கும் டாஷ்கேமராவை ஓடவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் பள்ளத்தை மூடிச் சாலையோடு சாலையாக இருந்தது. கைக்கு ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன்.

ஒரு ஷேர் ஆட்டோ போனது. ஒரு தண்ணீர் லாரி போனது. ஒரு பள்ளி வேன் போனது, பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். வேனின் சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போனது. நல்ல ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இவர்கள் யாரும் என் வாதத்துக்கு உதவமாட்டார்கள். இவர்கள் தப்பினால் அதிர்ஷ்டம் என்பான் மேக்ஸ்வெல். விழுந்தால் வேகம் என்று நானே சொல்லிவிடுவேன். பொறுமையாக ஓட்டுகிறவள் என்று அவன் வாயாலேயே சொன்ன ஒருத்தி கொம்பில்லாமல் கடந்துபோக வேண்டும். அப்போதுதான் கணக்கு முடியும். ஆகவே, சார், ஜாஸ்லின் பத்திரமாகப் போக வேண்டும் என்று அன்றைக்கு அந்தத் தெருவில் காத்திருந்தவன் நான் ஒருவன்தான். இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் விழுந்ததும் இறங்கினேன். முதலில் எமர்ஜென்சி லைட்டைப் போட்டேன், பின்னால் வரும் வண்டிகளுக்காக. பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். தூக்கும்போதே உயிர் இல்லை. கம்பிகள்.

கல்லறைத் தோட்டத்தில் மேக்ஸ்வெல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நனையும் அளவுக்கு அழுதான்.

“நீ சொன்னதுதான் மச்சான் கரெக்டு. ஓட்டுறவங்கதான் பாத்து ஓட்டணும். அவளாண்ட எத்தினி தபா சொல்லிக்கீறேன்.”

இப்படி ஜெயிப்பதை நான் விரும்பவில்லை. அவன் யோசித்து ஒப்புக்கொள்ளவில்லை, துக்கத்தில் ஒப்புக்கொண்டான். அது செல்லாது. இருந்தாலும் அவனைத் திருத்தவில்லை. கல்லறையில் விவாதம் கூடாது.

இதோ மெமரி கார்டு. கொம்பு இன்னும் டிக்கியில் இருக்கிறது. துளிர் முழுதாக வாடவில்லை. பதிவில் வைப்பர் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் தெருமுனை திரும்பி வருவது தெரியும். சைக்கிள்காரன் முந்திவிடக்கூடிய வேகம். ஹெல்மெட் போட்டு, பட்டையும் மாட்டியிருந்தாள். இதையெல்லாம் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அவள் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை, என் காரைப் பார்க்கும்வரை.

பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஹேண்டில்பாரிலிருந்து இடது கையை எடுத்து அசைத்தாள். “கஜபதி அண்ணா” என்று வாயசைவது தெரியும். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். என்னைத் தாண்டிய பிறகும் திரும்பித்தான் பார்த்தாள். ஒரு கை, சாலையில் இல்லாத கண். காரணம் அதில் பதிவாகியிருக்கிறது. கொம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது உங்களுக்கே புரியும்.

அவள் தெருமுனையில் தெரிந்ததிலிருந்து என் கை ஹாரன்மேல்தான் இருந்தது. நேரமும் தாராளமாக இருந்தது. அழுத்தவில்லை. சட்டென்று சத்தம் கேட்டால் அவள் கவனம் சிதறியிருக்கும்.