நர்ஸைக் கொல்லச் சொன்ன திவ்யா

கோவளத்தில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"அந்த நர்ஸைக் கொன்னுடு நஸ்ரீன்" என்றாள் ஒருத்தி.

திடுக்கிட்டேன். ஒரு டிவி சீரியலின் ஆட்களை வைத்து நஸ்ரீன் போனில் எழுதிவரும் ஃபேன் ஃபிக்ஷனில், அவளாகவே புதிதாகச் சேர்த்த பாத்திரமாம் அந்த நர்ஸ்.

"சீரியல்லயே இல்லாதவ எங்கேர்ந்துடி வந்தா? பாடுறா, கராத்தே போடுறா, ஹீரோ பாத்ததும் வுழுந்துடறான். அது நீதான்னு எல்லாருக்கும் தெரியுது. கமெண்ட்ல காறித் துப்புறாங்க."

"சீரியல் எழுதினவரு மட்டும் இன்னா, ஆளுங்கள ரேஷன் கடையிலயா வாங்கினாரு?"

"அவரு சேத்தா கதை. நீ சேத்தா பேஜாரு."

நஸ்ரீனின் முகம் சுருங்கிப் போயிற்று.

"சரி திவ்யா, இன்னிக்கே கொன்னுடறேன். நர்ஸுக்கு ஒரு ஃபிரெண்டு வருவாளே, உன்ன வெச்சு எழுதினது, அவளும் சீரியல்ல இல்ல. அவளையும் முடிச்சுடறேன்."

"ஏய், அவ எதுக்குடி? அவ நல்லாத்தானே பேசிகினு கீறா!"