பாட்டின் நடுவே போர்த்திய பொன்னாடை

பெயர் கந்தப்பு அரியநாயகம். வயது ஐம்பத்தெட்டு. பிறந்த இடம் வட்டுக்கோட்டை, இலங்கை. தொழில் சமையல்; பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பிரெஞ்சு உணவகத்தில். வதிவிடம் பியர்ஃபித்-சூர்-செய்ன், நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. மனைவி சிவரஞ்சினி, பிள்ளைகள் இருவர். இதற்கு முன் எந்தக் குற்றச்சாட்டும் என்மேல் வந்ததில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குக் காத்திருக்கிறேன்.

அதிகாரி ஆரெலி அவர்கள் கேட்க, மொழிபெயர்ப்பாளர் அக்‌ஷரா அவர்கள் இரு பக்கமும் எடுத்துச் சொல்ல, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் தமிழில் சொல்வதாவது:

நேற்று லா சப்பலில் நடந்த தெரு இசை விழாவில் நான் மேடையில் ஏறி, ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் நெரிக்க முயன்றேன் என்றும், தடுக்க வந்த காவலாளியைக் காயப்படுத்தினேன் என்றும் அந்தக் காவலாளி கொடுத்த முறைப்பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இதில் பெண் உண்மை. துணி உண்மை. பின்னாலிருந்து என்பதும், காவலாளிக்குப் பட்டதும் உண்மை. மிச்சம் எல்லாம் பார்த்தவர்களுடைய கற்பனை.

நேற்று மதிய வேலை முடிந்த பிறகு, வீட்டுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்குவதற்காக லா சப்பலுக்கு நடந்து வந்தேன். வருடத்தில் ஒரு நாள் பாரிஸில் தெருவுக்குத் தெரு பாட்டு நடக்கிற நாள் அது. கடைகள் இருக்கிற தெருமுனையில் மேடை போட்டிருந்தார்கள். முதலில் மூன்று பிரெஞ்சு இளைஞர்கள் ரொக் இசை வாசித்தார்கள். அவர்கள் கிற்றாருடன் என்ன கோபத்தில் இருந்தார்களோ தெரியாது, அடித்த அடியில் எனக்குப் பல் கூசியது. அதன் பிறகு எங்கள் பொடியள் ஒரு குழுவாக ஏறி, தமிழ்ச் சினிமாப் பாட்டுகளைக் கிற்றாரில் வாசித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டை விடத் தலைமயிர்தான் கூட ஆடியது. அதன் பிறகு நான் ரயிலுக்குப் போகப் புறப்பட்டேன்.

அப்போது அறிவிப்பாளர் அடுத்த குழுவைச் சொன்னார். அவர்கள் அவுஸ்திரேலியாவில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, கோதுமை விளைகிற ஒரு சிறிய நகரத்துக்காரர். அங்கே வருடத்துக்கு ஒருமுறை செம்மறியாட்டுக் கண்காட்சி மைதானத்தில் ஓர் இசை விழா நடக்குமாம், அதில் லொறியின் பின்தட்டில் நின்று வாசிக்கிறவர்களாம். சொந்தப் பாட்டு இல்லை, எல்லாருக்கும் தெரிந்த ரொக் பாட்டுகளைத் திரும்ப வாசிக்கிற குழு என்றும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"உலகத்தைச் சுத்தி வந்து அடுத்தவன்ரை பாட்டோ பாடப் போகினம்?"

எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நான் இருபது வருடமாகக் காய்ச்சுகிற வெங்காய சூப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. என்னைப் போல ஆயிரம் பேர் இந்த நகரத்தில் அதையே காய்ச்சுகிறார்கள். இருந்தும் சனம் ஏன் குறிப்பாக எங்கள் கடைக்கு வருகிறது? கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது.

குழுவில் நான்கு பேர். முன்னால் வயிறு வைத்த ஒரு பாட்டுக்காரர், இரண்டு பக்கமும் கிற்றார்க்காரர் இருவர், பின்னால் ட்ரம்ஸுக்குப் பின் ஒரு பெண். பெயர் நொரீன் என்பது பின்னர் இங்கே தெரிந்தது. வெள்ளை முடி, ஒட்ட வெட்டியது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் என்று மதிப்பிட்டேன். எங்கள் சனம் அந்த வயதில் முழங்காலுக்கு எண்ணெய் தேடும், இவர் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்தார். ரயிலை விட்டுவிட்டு நின்றேன்.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு நன்றாகப் போயின. அந்த அம்மா தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டுக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில் தாங்கிக் கொடுத்தார், கிற்றார்க்காரன் அவசரப்பட்ட இடத்தில் இழுத்துப் பிடித்தார். அவர் இல்லாவிட்டால் மற்ற மூவரும் மூன்று திசையில் போயிருப்பார்கள் என்பது எனக்கு விளங்கியது. அதன் பிறகு மூன்றாம் பாட்டின் நடுவில் மற்ற மூவரும் கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் தனியே வாசிக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் அதிகாரி, அவர் வாசித்ததை விவரிக்கத் தேவையில்லை, சம்பவத்துக்கு வாருங்கள் என்றார். சம்பவமே அதுதான் என்று சொன்னேன். தொடரச் சொன்னார்.

தனி வாசிப்பு என்றால் எல்லாரும் இடி முழக்குவார்கள் என்றுதான் நினைப்போம். அவர் குறைத்தார். கால் மட்டும் ஒரே சீராய் மிதித்துக்கொண்டிருக்க, கைகள் மெல்ல மெல்ல இறங்கி, தகரக் கூரையில் மழை விடுகிற நேரத்துச் சத்தமாக வந்து நின்றன. தெருவோரத்தில் சோளம் சுடுகிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். தெருவே முன்னால் சாய்ந்து கேட்டது. அதன் பிறகு அவர் திரும்ப ஏறத் தொடங்கினார். நான் கத்தி பிடித்து வேலை செய்கிறவன், மணிக்கட்டு எனக்குத் தெரியும். அந்த மணிக்கட்டில் இறுக்கமே இல்லை. வலது கை ஒன்றைச் சொல்ல, இடது கை அதைக் கேலி செய்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணும் கலங்கியது.

அதன் பிறகு நான் எதிரே இருந்த புடவைக் கடைக்குள் ஓடினேன். கடையில் நின்ற கஜந்தினியை எனக்குத் தெரியும்.

"தங்கச்சி, கெதியா ஒரு பொன்னாடை எடு."

"ஆருக்கு அண்ணை? கோயிலுக்கோ?"

"அந்த மேளக்காரிக்கு."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள், ஒரு கணம் கேட்டாள், அதன் பிறகு மலிவான தட்டில் கையை வைக்காமல் மேல் தட்டிலிருந்து சிவப்புக் கரை வைத்த ஒன்றை எடுத்துத் தந்தாள்.

"ஓடுங்கோ அண்ணை, தனி முடியப் போகுது."

இதை விளங்கப்படுத்த வேண்டும் என்று அதிகாரி கேட்டபடியால் சொல்கிறேன். இதே லா சப்பலில் ஒவ்வொரு வருடமும் பிள்ளையாரின் தேர் வெளியே வரும். தவில்காரர் தனி வாசித்து உச்சத்துக்குப் போகும்போது, சனத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்து, வாசிப்பு நிற்காமலே அவருடைய தோளில் பொன்னாடை போர்த்திவிட்டுப் போவார். தவில்காரர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு தொடர்ந்து வாசிப்பார். வாசித்து முடித்தவருக்குப் போர்த்துவது மரியாதை. வாசிக்கும்போதே போர்த்துவது, இப்போது நீ செய்ததை என்னால் தாங்க முடியவில்லை என்று சொல்வது. நாங்கள் யாரும் அதற்கு அனுமதி கேட்பதில்லை.

கேள்வி: மேடையின் அடியில் சப்பாத்தைக் கழற்றியது ஏன்? காலடிச் சத்தம் கேட்காமல் வருவதற்காகவே கழற்றினீர் என்று காவலாளி சொல்கிறார்.

பதில்: மேடையில் சப்பாத்தோடு ஏறுவதில்லை. ஒருவருக்கு மரியாதை செய்யப் போகிறவன் சப்பாத்தோடு போவானா? காலுறையில் ஓட்டை இருந்தது, அதைக்கூட யோசிக்கவில்லை.

கேள்வி: சத்தம் மிக அதிகமாக இருந்த நேரத்தைத் தெரிவு செய்தது ஏன்?

பதில்: உச்சம் என்று நினைத்தேன்.

கேள்வி: துணியை இரண்டு கையாலும் விரித்து இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடினீர்.

பதில்: ஒற்றைக் கையால் கொடுப்பது அவமதிப்பு.

அதிகாரி இதைத் தட்டச்சு செய்யும்போது சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்த்தால் எனக்கே, வெறும் காலுறையோடு ஒருவன் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஓடுவது நல்ல காட்சியாகத் தெரியவில்லை. காவலாளியில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு நடந்ததாவது: மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்பு நாடாவுக்குக் கீழால் குனிந்து, பக்கத்துப் படியால் ஏறி, பின்னால் போய்ப் போர்த்தினேன். வலது தோளில் பொன்னாடை இருந்தது. இடது முனை வழுக்கி, அவர் கையிலிருந்த ட்ரம்ஸ் தடியில் சுற்றிக்கொண்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்ப, இருக்கை சரிந்து, பித்தளைத் தட்டு நின்ற கம்பி விழுந்தது. காவலாளி பாய்ந்து என்னைப் பிடித்தார். இரண்டு பேரும் படியால் உருண்டோம், அவருடைய மணிக்கட்டு சுளுக்கியது. கீழே கிடந்தபடியே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். அவர் தன் முழங்காலை என் முதுகில் வைத்திருந்தார். அது வலிக்கவில்லை. மேலே ட்ரம்ஸ் நின்று போனதுதான் வலித்தது.

அதன் பிறகு என்னை இங்கே கொண்டுவந்தார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினேன், மது இல்லை என்று வந்தது. இன்று காலை வழக்கறிஞர் வந்தார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்.

"தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. எச்சரிச்சு விட்டுடுவாங்களாம். சொல்லலைன்னா த்ரிபுனாலுக்குப் போகும், அப்புறம் உங்க நாசியொனாலித்தே கஷ்டம்னு சொல்றாரு."

அதாவது நீதிமன்றம், குடியுரிமை. எனக்கு விளங்கியது. அதன் பிறகு சிவரஞ்சினி நான் பிரஷருக்குப் போடுகிற குளிசையோடு வந்தபோது, ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். அவள் நின்றபடியே பேசினாள்.

"பிழையெண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். எத்தினை வருசமா அந்தக் கடிதத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறம். சால்வையோ பெரிசு?"

"காவல்காரனுக்குப் பட்டது பிழை, மனுசியைப் பயப்பிடுத்தினது பிழை. அதைச் சொல்லிப்போட்டன். போர்த்தினது பிழையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது? அவ அடிச்சது சும்மா எண்டு சொன்ன மாதிரியெல்லோ போயிடும்."

"இந்த விசர்க் குணத்தோடை நான் முப்பது வருசம் இருந்திட்டன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கோபத்தில் குளிசையையும் கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத வேண்டாம். பயம் இருந்தது. பிள்ளைகள் இங்கே பிறந்து இந்த நாட்டுக்காரராக இருக்க, நான் மட்டும் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறவன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாய் வரை வந்தது. வரவில்லை.

அதன் பிறகு அதிகாரி, நொரீன் அம்மா இன்னும் முறைப்பாடு கொடுக்கவில்லை என்றும், பிற்பகல் ரயிலில் புறப்படுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார் என்றும், பதிலைப் பொறுத்தே முடிவு செய்வார் என்றும் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். கேள்வியை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"கிழவி ஒருத்தி ட்ரம்ஸ் அடிக்கிறாளேன்னு ஆச்சரியப்பட்டுப் பொன்னாடை போட்டீங்களான்னு கேக்குறாங்க. அவங்க ஊர்லயும் எல்லாரும் அதுக்குத்தான் கைதட்டுவாங்களாம். உண்மையைச் சொல்லச் சொல்றாங்க."

பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. சொன்னது இதுதான்: "வயசைப் பார்த்துத்தான் நிண்டனான். கையைப் பார்த்துத்தான் மேடையிலை ஏறினனான். அவ சத்தத்தைக் குறைச்சுக்கொண்டு போனா பாருங்கோ, அதிலை நான் வயசை மறந்துபோனன். அதிலை இருந்தது இருபது வயசுப் பொடியன் எண்டாலும் போர்த்தியிருப்பன்."

மொழிபெயர்ப்பாளர் அதை அவருக்குச் சொல்லி முடித்தார். அதன் பிறகு தொலைபேசியில் ஒரு பெரிய சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் அவர் நிதானமாக ஏதோ சொன்னார்.

"புகார் கொடுக்கலையாம் ஐயா. ரொம்ப நன்றியாம். ஆனா நீங்க சீக்கிரம் வந்துட்டீங்களாம். முடிவு இன்னும் வரலையாம். மேல கொண்டு போனதெல்லாம் அந்த முடிவுக்காகத்தானாம். குளிர்காலம் பூரா அதுக்குத்தான் பழகினாங்களாம். இனி பாரிஸ்ல யாரும் அதைக் கேக்கப் போறதில்லையாம்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வழக்கறிஞர் சொல்லியும் மனைவி சொல்லியும் வராத வார்த்தை அப்போது தானாக வந்தது. அதை அப்படியே எழுதும்படி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் பிழை செய்தேன். அந்தத் தனி எங்கே முடியும் என்று தெரியாமல், நான் கேட்ட இடமே உச்சம் என்று முடிவு செய்து எழும்பினேன். என்னால் ஒரு தெருச் சனம் முழுவதும் அந்த முடிவைக் கேட்காமல் வீட்டுக்குப் போனது. நானும் கேட்கவில்லை. இதற்காக மனம் வருந்துகிறேன்.

எச்சரிக்கைக்கு முதல் மூன்று சொற்களே போதும், மற்றவை தேவையில்லை என்றார் அதிகாரி. முழுவதையும் எழுதாவிட்டால் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். எழுதினார்.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிழை என்று நான் ஒப்புக்கொண்டது எதை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, 'நான் பிழை செய்தேன்' என்று தொடங்கும் பந்திக்குக் கீழேயும் ஒருமுறை தனியாகக் கையொப்பமிடுகிறேன்.

க. அரியநாயகம்