பதினொரு பக்கம் சொன்ன பொய்

...மேடையிலிருந்து உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. 'ஹார்டுவேர் கடைக்காரன் ஆராய்ச்சி, மோசடின்னு என்னத்தப் பேசப்போறான்?'னு பார்க்கிறீங்க. நியாயந்தான். பத்தாம் வகுப்பையே ரெண்டு தவணையில பாஸ் பண்ணவன் நான். அதனால எங்க வீட்டில நடந்த ஒரு சின்னக் கதையோட நிறுத்திக்கிறேன். கதையில முட்டாள் யாருன்னு நீங்க தேட வேண்டியதில்லை. நான்தான்.

என் சம்சாரம் அமிர்தவல்லிக்கு ஒரு தம்பி, ஈஸ்வரமூர்த்தி. எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான். பன்னண்டு வயசிலிருந்து சுகர். மாத்திரையில அடங்குற சுகர் இல்லைங்க... தினமும் இன்சுலின் ஊசி போட்டாத்தான் உயிர். இப்ப வயசு இருபத்தெட்டு. பொண்ணு பார்க்கப் போற இடத்திலெல்லாம், "ஊசி போடுற மாப்பிள்ளையா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுறாங்க. வாய்விட்டு ஒண்ணும் சொல்ல மாட்டான். மனசு வலிக்காதா?

ஒரு நாள் என் போன்ல ஒரு செய்தி. யாரோ ஒரு விஞ்ஞானி ஒரு வேர்ப்பொடியை நாப்பது பேருக்குக் கொடுத்தாராம்... நாப்பது பேரும் ஊசியை விட்டுட்டாங்களாம். உடனே எங்க வியாபாரிகள் குரூப்புல போட்டுட்டேன். ஆனா மச்சான் விஷயமாச்சே, அப்படியே நம்பலாமா? ஒரு வாரம் கழிச்சு ஆராய்ச்சியில இறங்கினேன்! பெயின்ட் டப்பாவுக்கு நடுவுல உட்கார்ந்து இன்டர்நெட்ல தேடினேன். பன்னண்டு பக்கம் கிடைச்சுது. உள்ள போய் யார் படிச்சா? தலைப்பை எண்ணினேன். பதினொண்ணு 'உண்மை'ங்குது. ஒண்ணே ஒண்ணு 'மோசடி'ங்குது. சங்கத் தேர்தல்ல பதினொண்ணுக்கு ஒண்ணு விழுந்தா என்ன அர்த்தம்? டெபாசிட் காலி! 'மோசடிங்கிற இந்த ஒருத்தனுக்குப் பொறாமை'ன்னு அமிர்தம்கிட்டயும் சொல்லி ஒதுக்கிட்டு, பதினொண்ணையும் மச்சானுக்கு அனுப்பினேன்.

மச்சான் ஆர்டர் போட்ட பொடி வெள்ளிக்கிழமை வந்துச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை... அன்னிக்கே ஊசியை நிறுத்திட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில டிபன் கொண்டுபோன அமிர்தம் மாடியிலிருந்து கத்துறா. "ஏனுங்க... ஓடி வாங்க!"

ஓடினேன். கட்டில்ல சாஞ்சு கிடக்கிறான். மூணு தடவை வாந்தி. உதடு வெடிச்சிருக்கு. மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது. சுகர் பார்க்குற மெஷின்ல ரத்தத்தை வெச்சா நம்பரே வரலைங்க. அளவு தாண்டிப் போச்சு!

"எந்திரி மாப்ள, காரை எடுக்கிறேன்."

"வேண்டாம் மாமா. உள்ள இருக்கிற விஷம் வெளிய வருது. மூணாம் நாள் இப்படித்தான் இருக்கும்னு போட்டிருக்கு."

"எவன்டா போட்டான்?"

"நீங்க அனுப்பினதுதானே."

எப்படி இருக்கு? என் வாயை அடைக்க என் ஆராய்ச்சியே வந்து நிக்குது!

அமிர்தம் அவன் கையைப் பிடிச்சு இழுக்கிறா. "அக்கா சொல்றேன்ல, எந்திரி சாமி."

"அங்க போனா மறுபடியும் ஊசிதானேக்கா... இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கிறேன்."

அவ என் பக்கம் திரும்பினா. "ஒருத்தன் மோசடின்னு சொன்னான்னீங்களே, அவன் யாருன்னாவது பார்த்தீங்களா?"

பார்த்தேனா? இல்லையே! அப்பத்தான் திறக்கிறேன். யாருன்னு நினைக்கிறீங்க? அந்த விஞ்ஞானியோட கட்டுரையை முதல்முதலா அச்சடிச்ச ஆராய்ச்சிப் பத்திரிகையே! என் அரைகுறை இங்கிலீஷுக்கே புரிஞ்சுது. 'விசாரித்தோம். நாற்பது நோயாளிகளில் முப்பத்தொரு பேர் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. எண்கள் இட்டுக்கட்டியவை. நாங்கள் வெளியிட்டது தவறு, திரும்பப் பெறுகிறோம்.' தேதியோட இருக்கு.

படிச்சுக் காட்டினேன். கேட்டானா?

"ஊசி விக்கிறவங்க காசு கொடுத்திருப்பாங்க மாமா. அதை விடுங்க... நம்ம ஊர் ஆளே சொல்லியிருக்காரு." போனை எடுத்து, மூச்சு வாங்கி வாங்கிப் படிக்கிறான். "'தாராபுரம் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரின் மைத்துனர்... பதினாறு வருட ஊசியை... மூன்றே நாளில் தூக்கி எறிந்தார்.' இதைப் பார்த்துத்தான் மாமா எனக்குத் தைரியமே வந்துச்சு."

அவன் போனை எட்டிப் பார்த்தேன். நான் எழுதின வரிதான்!

குரூப்புல போடும்போது சும்மா போட்டா எவன் படிப்பான்? 'எங்க வீட்டிலேயே கண்கூடாப் பார்த்தது, பதினாறு வருஷமா ஊசி போட்ட என் மச்சானுக்கு மூணே நாள்ல குணம்'னு ரெண்டு வரி சேர்த்துத்தான் அனுப்புவோம். நீங்க சேர்த்ததே இல்லையா? நானும் சேர்த்தேன். அன்னிக்குப் பொடிக்கு ஆர்டர்கூடப் போடலைங்க! அதை எவனோ தூக்கி இன்டர்நெட்ல ஏத்திட்டான்.

சொல்லாம இருந்தா மானம் மிஞ்சும். ஆனா மச்சான்?

"ஈசு... அந்தக் கடைக்காரன் நான்தான்டா. அந்த மைத்துனன் நீதான்."



"எனக்குக் குணமாகலையே, மாமா?"

"ஆகலைடா. நான் அளந்துவிட்டது. உன்னை வெச்சே உன்னை ஏமாத்திட்டேன்."

அமிர்தம் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை மைக்ல சொல்ல முடியாது. அவன் எழுப்பிவிடச் சொல்லி ரெண்டு கையையும் நீட்டினான். தாங்கிக் கூட்டிட்டுப் போய்க் கார்ல போட்டோம். நாலு நாள் தீவிர சிகிச்சை. பிழைச்சான்.

அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில உட்கார்ந்து மீதிப் பத்துப் பக்கத்தையும் முதல்முறையா உள்ள போய்ப் படிச்சேன். பத்தும் ஒரே ஆள் எழுதினதோட நகல். அந்த ஒரே ஆள் யாரு? பொடி விக்கிறவன்! பத்து அவன், ஒண்ணு நான்... இதைத்தான் பதினொரு சாட்சின்னு நினைச்சேன்.

பெற்றோர்களே, பிள்ளைகளே... இன்டர்நெட்ல எத்தனை பேர் சொல்றான்னு எண்ணாதீங்க. 'நீ நேர்ல பார்த்தியா? இல்லை, யாரைப் பார்த்து எழுதினே? இதனால உனக்கு என்ன வரும்படி?'ன்னு ஒவ்வொருத்தனையும் நிறுத்திக் கேளுங்க. என் கண்ணு முன்னாடியே ஒரு பத்திரிகை, 'நாங்க போட்டது தப்பு'ன்னு நாலு பேருக்குத் தெரியச் சொல்லிச்சு. தன் தப்பைத் தானே தேதி போட்டுச் சொல்றவனுக்கு அதுல என்ன லாபம்? அவன் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுங்க.

இந்தப் பள்ளிக்கூடத்துல இத்தனை படிச்சவங்க இருக்கும்போது என் கையில மைக் கொடுத்ததும் அதுக்காகத்தான்னு நினைக்கிறேன்.